ஸ்தானம் அறியும் புத்தி

ஸ்ரீ கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் 30, 31, 32 ஆகிய மூன்று சுலோகங்களால் புத்தியானது ஸத்வம், ரஜஸ், தமஸ் என்னும் குணபேதத்தை இட்டு மூவகையாகப் பகுத்து உபதேசிக்கப்படுகிறது. காலக்ஷேபங்களில் இவ்விடம் பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுவதுண்டு. நல்லதை நல்லது என்றும் தீயதைத் தீயது என்றும் அறிவது ஸாத்விகம், இரண்டையும் கலக்கி அறிவது ராஜஸம், தலைகீழாக அறிவது தாமஸம் என்று மூன்று வாக்கியங்களில் பொருள் முடிந்துவிடுகிறது. சரம ச்லோகம் அருகிலிருப்பதால் சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் நெஞ்சு அங்கே ஓடுவது இயல்பே. ஆயினும், நன்மை தீமைகளைப் பகுத்தறிவது என்பது யாது, அது நிரம்பக் கற்றவனுக்கும் ஏன் தவறுகிறது என்னும் கேள்விகளுக்கு நம் தர்சனத்தின் விடை இம்மூன்று சுலோகங்களிலும், அவற்றிற்கு எம்பெருமானார் அருளிய பாஷ்யத்திலும் அடங்கியிருக்கிறது.

முப்பதாம் சுலோகம் ஸாத்விக புத்திக்கு விஷயமாக நான்கு இரட்டைகளைக் கூறுகிறது. ப்ரவ்ருத்தியும் நிவ்ருத்தியும், காரியமும் அகாரியமும், பயமும் அபயமும், பந்தமும் மோக்ஷமும் என்பன அவை. இவற்றுள் முதல் இரட்டையைச் செய்தல், தவிர்தல் என்று எளிதாகப் பொருள் கொண்டுவிடலாம். பாஷ்யகாரர் அவ்வாறு கொள்ளவில்லை. செல்வம் முதலான அப்யுதயத்துக்குச் சாதனமான தர்மம் ப்ரவ்ருத்தி என்றும், மோக்ஷத்துக்குச் சாதனமான தர்மம் நிவ்ருத்தி என்றும் விவரித்தருளுகிறார். ஆகவே முதல் இரட்டையில் தீமை என்பதற்கே இடமில்லை. இரண்டு பக்கமும் தர்மமாகவே நிற்கின்றன. அதன் பின்னரே காரியாகாரியம் வருகிறது. இவ்விரு தர்மங்களில் எதில் நிலைநின்றவர்க்கும், எவ்வருணத்தார்க்கும், தேசம், காலம், அவஸ்தை ஆகியவற்றின் வேறுபாட்டிற்கு ஏற்ப இது செய்யத்தக்கது, இது தகாதது என்று அறிவதே காரியாகாரிய ஞானம் என்பது பாஷ்யத்தின் கருத்து. தேசம், காலம், அவஸ்தை என்னும் மூன்றும் மூலத்தில் இல்லை, பாஷ்யகாரர் கூட்டியருளியவை. அடுத்த சுலோகத்தில் ராஜஸ புத்தியை விளக்கும்போதும் இம்மூன்றையும் விடாமல் சேர்க்கிறார். எனவே ராஜஸ புத்தியுடையவன் தர்மம் என்ற ஒன்றையே அறியாதவன் அல்லன். அவனுக்குத் தர்மசாஸ்திரம் முழுதும் மனப்பாடமாக இருக்கலாம். இந்த இடத்தில், இந்தக் காலத்தில், இந்த நிலையில் நிற்கும் ஒருவனுக்கு எது தகும் என்பது மட்டும் அவனுக்கு உள்ளபடி தோன்றாது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிய எச்சரிக்கை வேண்டும். பகுத்தறிவதை இக்காலத்தில் விவேகம் என்று வழங்குகிறோம். ஸ்ரீபாஷ்யத்தில் பக்திக்கு அங்கமான ஏழு ஸாதனங்களுள் முதலாவதாக எண்ணப்படும் விவேகம் அதுவன்று. வாக்யகாரரை அடியொற்றி, குற்றமற்ற உணவால் உண்டாகும் சரீர சுத்தியையே அங்கே விவேகம் என்று நிர்வஹிக்கிறார் எம்பெருமானார். இனத்தாலும், உடையவனாலும், மயிர் விழுதல் போன்ற நேர்ச்சியாலும் உணவுக்கு வரும் மூவகைத் தோஷங்கள் விலக்கப்பட வேண்டியவை. நித்தியத்தையும் அநித்தியத்தையும் பகுத்தறிவதே விவேகம் என்று வேறு தர்சனத்தார் தொடங்குமிடத்தில், நம்மாசார்யர் அடுக்களையிலிருந்து தொடங்குவது சிலர்க்கு வியப்பாயிருக்கும். சாந்தோக்யத்தின் ஏழாம் அத்தியாய முடிவில் ஆஹார சுத்தியால் ஸத்வ சுத்தியும், அதனால் ஸ்திரமான ஸ்ம்ருதியும் சொல்லப்பட்டிருப்பதை நினைத்தால் வியப்பு நீங்கும். புத்தி ஸாத்விகமாவது நூல் கற்ற மாத்திரத்தால் அன்று. அது நிற்கும் பாத்திரம் சுத்தமாக வேண்டும் என்பதே கருத்து. கீதையிலும் உணவின் மூவகை பதினேழாம் அத்தியாயத்திலும், புத்தியின் மூவகை அதையடுத்த அத்தியாயத்திலும் வைக்கப்பட்டுள்ளன.

கல்வியும் பகுத்தறிவும் ஒன்றல்ல என்பதற்கு இராவணனிலும் வலிய ஸாக்ஷி இல்லை. ஸுந்தரகாண்டத்தில் பின்னிரவின் கடையாமத்தில் ஆறங்கங்களோடு கூடிய வேதகோஷம் இலங்கையில் எழுவதைத் திருவடி கேட்கிறார். இராவணன் மாண்டபின் ஸ்ரீ விபீஷணாழ்வானே அவனை அக்னி வளர்த்தவன், பெருந்தவத்தான், வேதாந்தத்தின் கரை கண்டவன் என்று கூறுகிறான். அப்படிப்பட்டவனுக்குப் பிராட்டியைப் பிரித்தது வீரமாகவும், திருப்பித் தருவது மானக்கேடாகவும் தோன்றிற்று. தாமஸ புத்தியை விவரிக்குமிடத்தில் பாஷ்யகாரர், அது அதர்மத்தைத் தர்மமாகவும் தர்மத்தை அதர்மமாகவும் கொள்வதோடு நில்லாது, உள்ளதை இல்லதாகவும் இல்லதை உள்ளதாகவும், மேலான தத்துவத்தைக் கீழாகவும் கீழானதை மேலாகவும் காணும் என்று நீட்டுகிறார். நெறியில் தடுமாறுகிறவன் கடைசியில் தத்துவத்திலும் தடுமாறுவான் என்பது அதன் உட்கிடை. எதிரே நிற்பவர் பரதத்துவம் என்பது இராவணனுக்குத் தோன்றாமல், மனிதன் என்றே தோன்றியது இதனாலேயாம்.

தாமஸம் இவ்வாறு வெளிப்படையாயிருப்பதால் அதைக் குறித்து அதிகம் விசாரிக்க வேண்டுவதில்லை. விசாரிக்க வேண்டியது நல்லவர்களின் தடுமாற்றம். ஆளவந்தார் கீதார்த்த ஸங்கிரஹத்தின் 32 சுலோகங்களுள் ஐந்தாவதில், கீதாசாஸ்திரம் அவதரித்ததற்குக் காரணத்தைக் கூறும்போது அர்ஜுனனின் கலக்கத்திற்கு மூன்று வேர்களைக் காட்டுகிறார். ஸ்நேஹம், காருண்யம், தர்மத்தில் அதர்மம் என்ற எண்ணம் ஆகியவை அவை. இவற்றில் முன்னிரண்டும் ஆத்மகுணங்கள். எவரும் விரும்பத்தக்கவை. அவற்றைக் கலக்கத்தின் வேராக எண்ணுவது எவ்வாறு பொருந்தும் என்றால், அவற்றிற்கு முன்னே ஆளவந்தார் வைத்த 'அஸ்தான' என்னும் ஒரு சொல்லே விடை. இடமல்லா இடத்தில் எழுந்த ஸ்நேஹம், இடமல்லா இடத்தில் எழுந்த காருண்யம் என்று பொருள். குணம் குற்றமற்றது; அது நின்ற இடமே குற்றம். மூன்றாவது வேரான தலைகீழ் எண்ணம், அந்த இரண்டும் தம் இடம் மாறி நின்றதன் விளைவு. எம்பெருமானாரும் இதையே விரித்து, அவ்விரண்டாலும் தன் இயல்பு திரிந்தவனாய், க்ஷத்திரியர்க்குப் பரமதர்மமான யுத்தத்தையே அதர்மமாக எண்ணினவன் என்று பார்த்தனைக் குறித்தருளுகிறார்.

இவ்விடத்தில் ஒரு சங்கை எழும். தர்மத்தை அதர்மமாகக் கொள்வது தாமஸ புத்தியின் லக்ஷணமாகப் பதினெட்டாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்டது. அப்படியாயின் அர்ஜுனனும் இராவணனும் ஒரே வகுப்பினரா? அர்ஜுனன் தைவீ ஸம்பத்தை நோக்கியே பிறந்தவன் என்று பதினாறாம் அத்தியாயத்தில் எம்பெருமானே தேற்றுகிறானே? இதற்கு ஸமாதானம் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே உள்ளது. தன் நெஞ்சு தர்ம விஷயத்தில் மயங்கியிருக்கிறது என்று அர்ஜுனன் தானே சொல்லிக்கொண்டு, எது ஸ்ரேயஸ்ஸோ அதை உறுதியாகச் சொல் என்று சிஷ்யனாய் விழுந்தான். பாஷ்யகாரரும் அவனைத் தர்மத்தை அறிய விரும்பிச் சரணம் புகுந்தவன் என்றே சேர்த்துக் கூறுகிறார். இராவணனுக்கோ மாரீசன் சொன்னான், விபீஷணன் சொன்னான், மால்யவான் சொன்னான், பிராட்டியும் சொன்னாள். கேட்டறிய வேண்டிய விஷயம் தனக்கு ஒன்று உண்டு என்ற எண்ணமே அவனுக்குப் பிறக்கவில்லை. மயக்கம் இருவர்க்கும் பொது. மயங்கியிருக்கிறோம் என்ற அறிவு ஒருவனுக்கே இருந்தது. அந்த அறிவைத் தமஸ் மூடியிருந்தால் அர்ஜுனன் வில்லை எறிந்துவிட்டுப் போயிருப்பான், கேட்டிருக்க மாட்டான்.

ஸ்தானம் அறிவதே காரியாகாரிய விவேகம் என்பதை ஒரு நிகழ்ச்சியில் முழுமையாகக் காண வேண்டுமாயின், யுத்தகாண்டத்தில் கடலின் வடகரையில் கூடிய சபையைக் காண வேண்டும். பல சர்க்கங்களில் விரியும் இந்தப் பிரகரணத்தை விவரிக்கவே ஸ்வாமி தேசிகன் அபயப்ரதான ஸாரம் என்னும் ரஹஸ்யத்தை அருளினார். தனிச்லோக வியாக்கியானங்களிலும் ஈட்டிலும் இந்தச் சபை மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. சரணாகதி சாஸ்திரம் என்ற நோக்கில் அதைப் பேசாதவரில்லை. தர்மநிர்ணயம் செய்யும் முறை என்ற நோக்கில் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

விபீஷணாழ்வான் நால்வரோடு ஆகாயத்தில் நின்று, தான் இன்னான் தம்பி என்று மறையாமல் கூறி, மனைவி மக்களையும் விட்டு வந்ததைச் சொல்லி, விரைவில் அறிவியுங்கள் என்கிறான். மஹாராஜர் கேட்ட மாத்திரத்தில், பகைவரிடமிருந்து வந்தவன், வேவுகாரன், கொல்லத்தக்கவன் என்று முடித்துவிடுகிறார். பெருமாள் உடனே தம் திருவுள்ளத்தை வெளியிடவில்லை. முதலிகள் ஒவ்வொருவரையும் கேட்கிறார். தேவரீர் அறியாதது யாது, எங்களைப் பெருமைப்படுத்தவன்றோ கேட்டருளுகிறது என்று அவர்கள் விண்ணப்பித்தும் விடவில்லை.

அங்கதன், குணதோஷங்களை எடைபோட்டு, தோஷம் மிக்கிருந்தால் விடுவது, குணம் மிக்கிருந்தால் கொள்வது என்றான். சரபன், ஒற்றனை அனுப்பி ஆராய்ந்து பின்னரே ஏற்க வேண்டும் என்றான். ஜாம்பவான், பாபியான பகைவனிடமிருந்து, தகாத தேசத்தில், தகாத காலத்தில் வந்திருக்கிறான், ஆகையால் எல்லா வகையிலும் ஐயுறத்தக்கவன் என்றார். மைந்தன், இனிய சொற்களால் மெல்ல மெல்ல வினவி அவன் கருத்தை அறியலாம் என்றான். இவற்றில் ஒன்றும் பேதைமையில்லை. அர்த்தசாஸ்திரம் கற்றவன் எவனும் இவற்றுள் ஒன்றைத்தான் சொல்வான்.

திருவடி எழுந்து, வாதுக்காகவோ பொறாமையாலோ அன்று, காரியத்தின் கனத்தாலேயே சொல்கிறேன் என்று தொடங்கி, நால்வர் கூற்றையும் ஆராய்கிறார். ஒரு பணியில் நியமித்தாலன்றி ஒருவனுடைய குணதோஷம் வெளிப்படாது. வந்தவுடனே நியமிப்பதும் குற்றம். ஆகவே எடைபோடுவதற்குத் துலாக்கோல் இல்லை. கண்ணெதிரே நின்று தன் பெயரைத் தானே சொல்பவனுக்கு ஒற்றன் வேண்டுவதில்லை. முன்பின் அறியாதவர் திடீரென்று வினவினால் அறிவுள்ளவன் ஐயுறுவான். சுகத்தை எண்ணி வந்த நண்பனும் அதனால் கெட்டுப்போவான். ஜாம்பவான் சொன்ன தேசகாலத்திற்கு அவர் கூறும் மறுமொழி கவனிக்கத்தக்கது. இதுவே தக்க தேசம், இதுவே தக்க காலம் என்கிறார். அங்கே தோஷத்தையும் இங்கே குணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவன் புறப்பட்டு வருவதற்கு இதைவிடத் தகுந்த வேளை எது? ஒரே தேசம், ஒரே காலம். முதியவரும் நீதிமானுமான ஜாம்பவானுக்கு அவை அகாரியத்தைக் காட்டின. திருவடிக்குக் காரியத்தைக் காட்டின. தேச காலங்களை எண்ணினால் போதாது, அவற்றைப் பேசவைக்கும் அவஸ்தையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்காகவே பாஷ்யகாரர் மூன்றாவதையும் கூட்டியருளினார் என்று கொள்ளத் தகும்.

பின்னர் திருவடி தம் அறிவுக்குக் காரணங்களைச் சொல்கிறார். அவன் பேச்சில் துஷ்டபாவம் தென்படவில்லை, முகம் தெளிந்திருக்கிறது, வஞ்சகன் இவ்வாறு ஐயமின்றி நெருங்கான், உள்ளே உள்ளதை எவ்வளவு மறைத்தாலும் வடிவம் வலியக் காட்டிவிடும். ஆதலால் கைக்கொள்ளத்தக்கவன் என்று முடிக்கிறார்.

நன்மை தீமைகளைப் பகுத்தறிவது என்பது எதிரில் நிற்பவனை நல்லவனா தீயவனா என்று சரியாகக் கணிப்பதே ஆனால், சபை இங்கே முடிந்திருக்க வேண்டும். திருவடியின் கணிப்பு சரியானது என்பதைப் பின்கதை முழுவதும் காட்டுகிறது. ஆனால் பெருமாள் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. முடிவை ஏற்றார், காரணத்தை விட்டார். நண்பன் என்ற பாவனையோடு வந்தவனை எவ்வகையிலும் விடமாட்டேன், அவனிடம் தோஷமே இருந்தாலும் இருக்கட்டும், அப்படிச் செய்வது ஸத்துக்களால் இகழப்படாதது என்று அருளிச்செய்கிறார். தோஷமுண்டு, ஆகையால் தள்ளுக என்றார் மஹாராஜர். தோஷமில்லை, ஆகையால் கொள்க என்றார் திருவடி. இருவர் வாதமும் தோஷம் உண்டா இல்லையா என்னும் ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றது. அந்தக் கேள்வி இந்த ஸ்தானத்திற்கு உரியதன்று என்பதே பெருமாள் தீர்ப்பு. வந்தவன் எத்தகையவன் என்பதன்று, வந்தவனுக்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே கேள்வி. முதற்கேள்விக்கு மனிதரால் ஊகமாகவே விடை கூற முடியும். இரண்டாவதற்குச் சாஸ்திரமும் சிஷ்டாசாரமும் விடை வைத்திருக்கின்றன.

மஹாராஜர் இதோடு அமையவில்லை. ஆபத்துக் காலத்தில் உடன்பிறந்தவனையே விட்டு வந்தவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்கிறார். இந்த வாதம் வலியது. இதைக் கேட்ட பெருமாள் சினக்கவில்லை. சாஸ்திரங்களைக் கற்காமலும் முதியோரை அடிபணிந்து நில்லாமலும் ஒருவனால் இப்படிப் பேச இயலாது என்று முதலில் புகழ்கிறார். அதன்பின், ஆயினும் இதைவிட நுண்ணியதாக ஒன்று எனக்குத் தோன்றுகிறது என்கிறார். இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வியாக்கியானம் செய்தாலும் தகும். மஹாராஜர் சொன்னது அதர்மமன்று, சாஸ்திர ஸம்மதமானதே. அதற்கு மேல் நுண்ணியது ஒன்றிருக்கும்போது, சாஸ்திர ஸம்மதமானதும் அகாரியமாகிவிடுகிறது.

பெருமாள் தம் நுண்மையை மூன்று படிகளாகச் சொல்லுகிறார். அரசர்க்குத் தாயாதிகளிடம் பயம் உண்டு, இவன் அரசை விரும்புகிறவன், நாமோ இவன் குலத்தவரல்லோம் என்பது நீதியின் படி. எல்லா உடன்பிறந்தாரும் பரதனைப் போன்றவரல்லர் என்பதும் அதில் அடங்கும். தீயவனேயாயினும் எனக்கு அணுவளவும் தீங்கு செய்ய வல்லனல்லன், விரல் நுனியால் இவ்வுலகத்து அரக்கர் முதலானோரை அழிப்பேன் என்பது சக்தியின் படி. இவ்விரண்டும் மஹாராஜரின் அச்சத்தைத் தணிக்க வந்தவை. தம் மனைவியைப் பிடித்த வேடனுக்குத் தன் உடலையே விருந்தாக்கிய புறாவின் சரிதமும், கண்டு முனிவரின் காதையும் தர்மத்தின் படி. திருவுள்ளம் நிலைகொண்டது இங்கேதான். சரணமடைந்தவனைக் காவாதவனுக்கு ஸ்வர்க்கம் இல்லை, புகழ் இல்லை, பலமும் வீர்யமும் அழியும், காக்கப்படாமல் மாண்டவன் காவாதவனுடைய புண்ணியத்தையெல்லாம் கொண்டுபோவான் என்று கேட்டிருக்கிறோமே என்கிறார்.

முப்பதாம் சுலோகத்தின் மூன்றாம் இரட்டையான பயாபயம் இப்போது விளங்கும். சாஸ்திரத்தை மீறுவது பயத்திற்கு ஸ்தானம், அதைப் பின்பற்றுவது அபயத்திற்கு ஸ்தானம் என்பது பாஷ்யம். மஹாராஜர் வந்தவனைக் கண்டு அஞ்சினார். பெருமாள் வந்தவனைத் தள்ளுவதைக் கண்டு அஞ்சினார். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சியவரே எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிக்கிறேன் என்று விரதம் கூற வல்லவரானார்.

மஹாராஜரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவதும் பொருந்தாது. ஞானதசை, பிரேமதசை என்று ஆசார்யர்கள் பிரித்துப் பேசும் நெறியை இங்கே நினைக்க வேண்டும். ஞானதசையில் காப்பவன் காப்பவனாகவும் காக்கப்படுபவன் காக்கப்படுபவனாகவும் தோன்றும். பிரேமம் கரைபுரண்டால் அது மாறித் தோன்றும். ஸர்வரக்ஷகனுக்கே என் வருமோ என்று வயிறு பிடிக்கும். மல்லர்களை மாய்த்த தோள்களைக் கண்டபின்னும் பெரியாழ்வார் பல்லாண்டு பாடியது அந்தத் தசையில். அஸ்தானத்தில் பயசங்கை கொண்டார் என்று சொல்லப்படுவது அவருக்குக் குறைவன்று, ஏற்றம். மஹாராஜரின் பயமும் அந்தக் கோவையைச் சேர்ந்ததே. ஆயினும் அவர் பயத்தால் பெருமாளுக்குப் பல்லாண்டு பாடியிருந்தால் அது பிரேமமாகவே நின்றிருக்கும். சரணாகதனைக் கொல்லுங்கள் என்ற அளவில் அது தன் ஸ்தானத்தைக் கடந்தது. ஆளவந்தார் அர்ஜுனன் விஷயத்தில் காட்டிய அஸ்தான ஸ்நேஹம் இங்கும் வந்து நிற்கிறது. ஒருவனுக்கு ஸ்நேஹம் அம்பை எறியச் செய்தது. மற்றவருக்கு ஸ்நேஹம் அம்பைத் தொடுக்கச் செய்ய இருந்தது.

தோஷமே இருந்தாலும் ஏற்பேன் என்றால் நன்மை தீமை என்ற பாகுபாடே அழிந்துவிடாதோ என்பது அடுத்த சங்கை. அழியாது. தோஷம் என்ற சொல்லைப் பெருமாள் மறைக்கவில்லை. அதைத் தோஷம் என்றே வழங்குகிறார். வாத்ஸல்ய குணத்தை விவரிக்குமிடத்தில், ஆச்ரிதனுடைய தோஷத்தைக் காணாமை என்றும், கண்டும் அதையே போக்யமாகக் கொள்ளுதல் என்றும் நம் ஸம்பிரதாயத்தில் இரு நிர்வாஹங்கள் உண்டு. அவற்றின் தாரதம்யத்தை இங்கே ஆராய வேண்டுவதில்லை. எந்த நிர்வாஹத்திலும் தோஷம் குணமாகப் பெயர் மாறுவதில்லை. கைக்கொள்ளுதல் வேறு, தீமைக்கு நன்மையென்று பெயரிடுதல் வேறு. பின்னதைச் செய்வது முப்பத்திரண்டாம் சுலோகத்து தாமஸ புத்தி. இராவணனே வந்தாலும் அழைத்து வா என்று அருளிச்செய்தவரே, அவன் வாராது போரில் நின்றபோது வதைத்தார். இரண்டும் அந்தந்த ஸ்தானத்தில் காரியமே.

தம்பியர் இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கும்பகர்ணனா விபீஷணனா, யார் உயர்ந்தவர் என்று பட்டிமண்டபங்களில் வழக்காடுவது தமிழ்நாட்டில் பழகிப்போன வேடிக்கை. கம்பநாட்டாழ்வாரோ அந்த வழக்கை இரு வாதியாரின் வாயிலும் வைத்து, கண்ணீரோடு நடத்தியிருக்கிறார். விபீஷணன் வந்தழைக்க, நெடுநாள் வளர்த்துப் போருக்கு அனுப்பியவனுக்கு உயிர் கொடாமல் வாரேன் என்று கும்பகர்ணன் மறுக்கிறான். வால்மீகியிலும் அவன் இராவணனை இருமுறை இடித்துரைத்தபின்னரே போர் புரிகிறான். அவனுக்குத் தர்மாதர்மம் தெரியாமலில்லை. செஞ்சோற்றுக்கடன் என்பதும் தர்மமே. அந்தப் பொதுத் தர்மம், பிராட்டியைச் சிறைவைத்த ஒருவனுக்குத் துணையாக நிற்குமிடத்தில் தர்மமாக நிற்குமா என்பதே அவன் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அவனது புத்தியை உள்ளபடி அறியாத வகையில், அதாவது முப்பத்தொன்றாம் சுலோகத்தில், வைப்பதே முறை. இராவணனோடு சேர்த்து எண்ணுவது அநீதி. விபீஷணனைக் காட்டி உறவினரைக் கைவிடுவதற்கும், கும்பகர்ணனைக் காட்டித் தீயவர்க்குத் துணைபோவதற்கும் நியாயம் தேடுகிறவர் இருவர் அவஸ்தையையும் பார்ப்பதில்லை. விபீஷணன் பலமுறை ஹிதம் சொன்னான். அடிமையைப் போல் அவமதிக்கப்பட்டான். இனிச் சொல்லி ஆகாது என்ற எல்லையில் புறப்பட்டான். முதல் நாளே புறப்பட்டிருந்தால் மஹாராஜரின் வாதம் அவன்மேல் பலித்திருக்கும்.

சபை கலைந்தது. ஸாகர ஜலத்தால் இளையபெருமாள் விபீஷணாழ்வானுக்கு அபிஷேகம் செய்தார். கடலைக் கடக்கும் வழி யாது என்று கேட்டபோது, சரணாகதியின் பலத்தை அப்போதே கண்ட ஆழ்வான், பெருமாள் ஸமுத்திரராஜனைச் சரணம் புகத்தகும், ஸகரரால் தோண்டப்பட்டவன் அவர் குலத்துக்கு உதவாமல் இரான் என்றான். இம்முறை மஹாராஜரும் இளையபெருமாளும் தடை சொல்லவில்லை. தர்ப்பையைப் பரப்பிக் கரையில் மூன்று இரவு பெருமாள் கிடந்தார். கடலரசன் முகம் காட்டவில்லை. வில்லை எடுத்து அம்பைத் தொடுத்தபின்னரே அவன் எழுந்து வந்து நளனைக் கொண்டு அணை கட்டும் வழியைச் சொன்னான். சில நாள் முன்பு அதே கரையில் பலித்த உபாயம் இங்கே பலியாதது ஏன் என்று வியாக்கியாதாக்கள் விசாரித்து, சக்தியில்லாதவன் சக்தியுள்ளவனைப் பற்றுவதே சரணாகதி, இங்கோ ஸர்வசக்தன் அசக்தனைப் பற்றினான், ஆதலால் பலியாதாயிற்று என்று நிர்வஹிப்பர்.